நேற்று ஒளிபரப்பான மன்னிப்பு

இளம் நண்பர்களே, முதல் வாரம் உங்கள் டிவி நாடகம் நன்றாக ஓடிவிட்டால் கொண்டாடுங்கள். கேக் வெட்டுங்கள், குழுவோடு பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுங்கள், படம் எடுத்துப் போடுங்கள். இந்தத் தொழிலில் சந்தோஷம் அடிக்கடி வராது. வரும்போது அனுபவித்துவிட வேண்டும். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு வரும் வாரங்களைப் பற்றி. பாதிப் பேர் புகழ்வார்கள், பாதிப் பேர் திட்டுவார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் அலுவலகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

போன வருடம்வரை நான் தொலைக்காட்சி நாடகங்களை இயக்கிக்கொண்டிருந்தேன். கேமராவும் எடிட்டிங்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதையெல்லாம் நான் பேசப்போவதில்லை. ஒரே ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். அது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன.

நாடகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதில் நடித்தவர்கள் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். கதை இதுதான். கம்போங் மேடானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீடு. தேவகி என்று ஒரு பெண், பாலன் என்று அவள் கணவன். பாலன் அடிப்பான். முதல் எபிசோட்டின் கடைசிக் காட்சியில் தேவகி வீட்டை விட்டுப் போவாள். ரைஸ் குக்கரில் சோறு வெந்துகொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, குக்கரைத் துண்டில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொள்வாள். மறு கையில் மகளைப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட் கெட்டுப்போன அந்தக் கட்டடத்தின் படிகளில் இறங்கிக்கொண்டே இருப்பாள். வசனம் கிடையாது, இசை கிடையாது. ஒவ்வொரு படிக்கும் குக்கர் மூடி டக் டக்கென்று அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும்தான்.

அதை எடுத்தது நானில்லை, ஓர் இளம் இயக்குநர். பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த வாரம் கடையில், கோயிலில், கல்யாண வீட்டில் எங்கே போனாலும் தேவகியைப் பற்றித்தான் பேச்சு.

மூன்றாவது வாரத்தில் கதை திரும்பியது. ஒரு பெண் வீட்டை விட்டுப் போனதையே காட்டிக்கொண்டிருந்தால் குடும்பத்தோடு யார் பார்ப்பார்கள் என்று மேலே யாரோ கேட்டார்களாம். உடனே பாலன் நல்லவனாக ஆரம்பித்தான். கோயிலுக்குப் போனான், விரதம் இருந்தான், மழையில் நனைந்தான், தேவகியின் படத்தைப் பார்த்து அழுதான். அழுவதிலேயே பல எபிசோட்டுகள் போயின. இளம் இயக்குநர் சண்டை போட்டுக்கொண்டு விலகிவிட்டார். பார்வையாளர்களும் ஒவ்வொருவராக விலக ஆரம்பித்தார்கள். அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே இருந்தது அலுவலகம். நிகழ்ச்சி மேலாளர் நல்ல மனிதர், ஆனால் எதையும் கணினித் திரையில் பார்த்தால்தான் நம்புவார். ஃபேஸ்புக்கில் வந்த கருத்துகளையெல்லாம் எடுத்து, புகழ்ச்சிக்குப் பச்சை, திட்டுக்குச் சிவப்பு என்று வண்ணம் பூசி வைத்திருந்தார்.

"முதல் வாரம் தீ. இப்ப தண்ணி ஊத்திட்டாங்க." சிவப்பு.

"இப்பதான் குடும்பமா உக்காந்து பார்க்க முடியுது. தொடருங்க டீம்." பச்சை.

"பாலன் அண்ணா அழுதப்ப எங்கம்மாவும் அழுதுட்டாங்க." பச்சை.

"ரைட்டர் மாறிட்டாரா? கதை எங்கேயோ போவுது லா." சிவப்பு.

"தேவகிக்கு அந்த மஞ்சள் சுடிதாரை விட்டா வேற துணியே இல்லையா?" இதற்கு என்ன நிறம் என்று முடிவு செய்ய முடியாமல் அப்படியே விட்டிருந்தார்.

இன்னொன்று இருந்தது. "என் பொண்டாட்டிகிட்ட காட்டினேன். அவளும் புரிஞ்சுக்கிட்டா. நன்றி." நல்ல பச்சை.

"பாருங்கக்கா, பச்சையும் சிவப்பும் பாதிக்குப் பாதி. அப்படின்னா நாம சரியா நடுவுலதான் போறோம்" என்றார் மேலாளர்.

"பார்க்கிறவங்க குறையுறாங்களே?"

"அது வேகம் இல்லாததால. அடுத்த வாரம் தேவகியைத் திருப்பிக் கொண்டாந்து சேர்த்து வச்சிடுவோம். தீபாவளிக்கு எல்லாரும் ஹேப்பியா இருப்பாங்க. நீங்க அதை மட்டும் நல்லா எடுத்துக் கொடுங்க."

தேவகி திரும்பி வரும் காட்சி எழுதி முடிக்கப்பட்டிருந்தது. அந்த வாரக் கடைசியில் படப்பிடிப்பு. எனக்கு அந்தக் காட்சியில் ஏதோ இடித்தது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. நம் தொழிலில் சொல்லத் தெரியாத சந்தேகத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். மறுநாள் எனக்கு விடுமுறை. நான் குடியிருப்பது கிள்ளானில். லிட்டில் இந்தியாவில் எப்போதும் போகும் சலூனுக்குப் புருவம் திருத்தப் போனேன்.

சலூன்காரி சாந்தி எனக்குப் பல வருடப் பழக்கம். உள்ளே சுவரில் டிவி. மதியம் ஆகிக்கொண்டிருந்தது. முந்தின இரவு வந்த எபிசோட்டை மறு ஒளிபரப்புச் செய்துகொண்டிருந்தார்கள். நான் அந்த நாடகத்துக்கு வந்துவிட்டது அங்கே யாருக்கும் தெரியாது. சரி, மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு நாற்காலியில் ஜெஞ்சாரோமிலிருந்து வந்த ராஜம்மா ஆன்டி. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக முடிக்குச் சாயம் போட வந்தவர். கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் துணி, பாதித் தலை கறுப்பு, மீதி வெள்ளை. இன்னொரு நாற்காலியில் நிஷா என்ற பெண், வங்கியில் வேலை. எனக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தவள் யோகேஸ்வரி. சாந்தியிடம் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எல்லாரும் யோகி என்று கூப்பிட்டார்கள். அதிகம் பேச மாட்டாள்.

திரையில் பாலன் படிக்கட்டின் கீழே மண்டியிட்டிருந்தான். "தேவகி, உன்ன அடிச்ச கை இது. இனிமே இந்தக் கை உன் காலைத் தொடத்தான் நீளும். நீ இல்லாத வீட்டுல கடிகாரம்கூட ஓடல" என்றான்.

நிஷா உதட்டைப் பிதுக்கினாள். "ஐயோ, போர். முதல் வாரம் எப்படி இருந்துச்சு! இப்ப பார்க்கவே முடியல."

"உனக்கென்ன தெரியும்? இப்பதான் நல்லாருக்கு" என்றார் ராஜம்மா ஆன்டி. "அந்தப் பையன் எப்படி அழறான் பாரு. பாவம் லா. இவளுக்குத்தான் கல் மனசு."

"அடிச்சவன் ஆன்டி அவன்."

"அடிச்சான்தான். இப்ப மாறிட்டான்ல?"

சாந்தி இரண்டு பக்கமும் சேராமல் பேசினாள். "முதல் வாரம் அழுதேன், இப்பவும் அழறேன். எனக்கு அழுகை வந்தா போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மேலாளரின் பச்சையும் சிவப்பும் இங்கே உயிரோடு உட்கார்ந்திருக்கிறதே என்று நினைத்தேன். யோகி மட்டும் வாய் திறக்கவில்லை. "நீங்க பார்க்கிறீங்களா?" என்று கேட்டேன்.

அவள் நூலைக் கீழே வைத்தாள். "முதல் எபிசோட் பார்த்துட்டுத்தான்கா நான் வீட்டை விட்டு வந்தேன்."

எனக்குப் புரியவில்லை. விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சாந்திதான் விளக்கினாள். நாடகம் ஆரம்பித்த வாரத்தில் ஒரு காலை, கையில் மகளும் ஒரு பையுமாக யோகி இந்த வாசலில் வந்து நின்றாளாம். முன்பு எப்போதோ முடி வெட்டிக்கொள்ள வந்த பழக்கம்தான். சலூனுக்குப் பின்னால் இருந்த அறையைச் சாந்தி அவளுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தாள். "தாடை வீங்கியிருந்துச்சுக்கா, பேசவே முடியல இவளால" என்றாள்.

நாம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஷாட் நன்றாக வந்ததா, வெளிச்சம் சரியா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதைப் பார்த்து ஒரு பெண் தன் வீட்டுப் படியில் இறங்கியிருக்கிறாள்.

"இப்ப மாமியார் தினமும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புறாங்க" என்றாள் யோகி. "தேவகியே மனசு மாறப்போறா, உனக்கு மட்டும் என்னன்னு கேக்கிறாங்க. எங்கக்காகூட அதையேதான் சொல்லுது."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும் ஓர் ஆள் உள்ளே வந்தார். சுத்தமான சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் மல்லிகைப் பொட்டலம். யோகி சட்டென்று என் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் நேராக வந்து மண்டியிட்டார்.

"யோகி, உன்ன அடிச்ச கை இது. இனிமே இந்தக் கை உன் காலைத் தொடத்தான் நீளும். நீ இல்லாத வீட்டுல கடிகாரம்கூட ஓடல."

ஒரு வார்த்தை மாறவில்லை. பாலனாக நடித்தவர் 'கடிகாரம்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துவார். இவரும் அதே இடத்தில் நிறுத்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

நிஷாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அண்ணே, அது நேத்து எபிசோட்!"

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "ஆமா தங்கச்சி. எனக்கு அவர் மாதிரி பேசத் தெரியாது. அதான் அவர் பேசினதையே பேசுறேன். ஆனா மனசு என்னோடது."

இளம் நண்பர்களே, அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லிப் பிடிபட்டவன் திணறுவான் என்றுதான் நாம் எழுதுவோம். இந்த ஆள் திணறவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலக்கூட எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. நம்மில் எத்தனை பேர் சொந்த வார்த்தையில் மன்னிப்புக் கேட்கிறோம்?

ராஜம்மா ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம்மா, யோகி. கூப்பிடறான்ல, போயேன். பிள்ளைக்கு அப்பா வேணாமா?"

"சும்மா இருங்க ஆன்டி. இவரு நடிக்கிறாரு" என்றாள் நிஷா.

"நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது."

"உங்களுக்கு என்ன தெரியும்? தாடை வீங்கி வந்தவங்க இவங்க!"

கொஞ்ச நேரம் முன்னால் நாடகத்தைப் பற்றி நடந்த அதே வாக்குவாதம், அதே ஆட்கள், அதே குரல்கள். ஆனால் இப்போது பேச்சு தேவகியைப் பற்றியதில்லை. கதை நன்றாக இருக்கிறது என்றவர் போ என்றார். கெட்டுவிட்டது என்றவள் போகாதே என்றாள். நாங்கள் வண்ணம் பூசி எண்ணிக்கொண்டிருந்த கருத்துகளுக்குப் பின்னால் எத்தனை வீடுகளில் இப்படி நடந்துகொண்டிருக்குமோ என்று நினைத்தேன். "என் பொண்டாட்டிகிட்ட காட்டினேன்" என்று ஒருவர் எழுதியிருந்தது அப்போதுதான் எனக்கு வேறு மாதிரி கேட்டது.

சாந்தி பதற்றத்தில் உளறிவிட்டாள். "இவங்க டிவி டைரக்டர்தான், முரளி. இவங்க இருக்கும்போது பிரச்சினை பண்ணாதீங்க."

முரளி என்ற அந்த ஆள் என் பக்கம் திரும்பினார். "இந்த நாடகம் நீங்க எடுத்ததா?"

"இப்ப நான்தான் எடுக்கிறேன்."

"அப்ப இவகிட்ட சொல்லுங்க மேடம். தேவகி திரும்பி வந்துடுவா தானே? சொல்லுங்க."

யோகியும் என்னைப் பார்த்தாள். அவள் கேட்டதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. "அக்கா, அந்தாளு நிஜமாவே மாறிட்டானா? இனிமே அடிக்க மாட்டானா? உங்களுக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியும். எழுதப்பட்ட கதையில் அவன் மாறிவிட்டான். தேவகி திரும்பி வருகிறாள். வாரக் கடைசியில் படப்பிடிப்பு. உண்மையைச் சொன்னால், இந்தப் பெண் இவரோடு போய்விடக்கூடும். கதையை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் வேறு. கற்பனைதானே, இதை ஏன் கேட்கிறாய் என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. அவளுக்கு அது கற்பனையாக இருக்கவில்லை.

"அது இன்னும் முடிவாகலை" என்றேன். சொன்னபோதே தெரிந்துவிட்டது, இனிமேல் அது உண்மையாகிவிட்டது என்று. அந்தக் காட்சியை நான் எடுக்கப்போவதில்லை. பிறகு யோகியிடம் சொன்னேன்: "யோகி, நாடகத்துல பாலன் கை ஓங்கினா நான் கட்னு சொல்லுவேன். அவர் கையை இறக்கிடுவார், எல்லாரும் டீ குடிக்கப் போவோம். உங்க வீட்டுல கட் சொல்ல நான் இருக்க மாட்டேன்மா."

முரளியின் அழுகை நின்றது. குழாயை மூடினால் நிற்பதுபோல நின்றது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குரலில் கோபம்கூட இல்லை.

"சரி. பிள்ளைக்கு ஸ்கூல் விடுற நேரம். நான் போய் கூட்டிட்டு வீட்டுக்குப் போறேன். பிள்ளை இருக்கிற இடத்துக்கு அம்மா வந்துதானே ஆகணும்."

மல்லிகைப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வெளியே மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

அந்த வசனத்தை நாங்கள் எழுதவில்லை. எந்த எபிசோட்டிலும் அது கிடையாது. அவருடைய சொந்த வார்த்தைகள் என்ன என்று அப்போதுதான் கேட்டோம்.

யோகியின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் கைப்பையை எடுத்தேன். "வாங்க, என் கார் வெளியே இருக்கு." சாந்தி கல்லாப்பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். பின் கதவைத் திறந்து எங்களுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? ராஜம்மா ஆன்டி. கழுத்தில் பிளாஸ்டிக் துணி, தலையில் காயாத சாயம்.

"ஆன்டி, நீங்க எதுக்கு?"

"நீ வண்டிய எடு!"

கிள்ளானில் அந்த நேரத்து நெரிசல் உங்களுக்குத் தெரியும். மோட்டார் சந்தில் புகுந்து போய்விடும், கார் போகாது. யோகி ஆசிரியைக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள், யாரும் எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பார்கள். அழாமல் உட்கார்ந்திருந்த யோகியைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். முரளியின் மோட்டார் நின்றுகொண்டிருந்தது. நீலச் சீருடையில் யோகியின் மகள் அதன் பின்னால் ஏறக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தாள். நான் காரை முழுவதும் நிறுத்தக்கூட இல்லை, ராஜம்மா ஆன்டி இறங்கிவிட்டார். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் நினைத்ததே இல்லை. மோட்டாருக்கு முன்னால் போய் இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். நெற்றியிலும் காதோரத்திலும் கறுப்புச் சாயம் கோடு கோடாக வழிந்தது.

"எடுய்யா பார்ப்போம் மோட்டாரை! என் மேல ஏத்திட்டுப் போ!"

"கிழவி, உனக்கு என்ன? இது என் குடும்பம்!"

"கொஞ்ச நேரம் முன்னாடி காலைத் தொடறேன்னு சொன்ன கைதானே? அதே கையால என்னைத் தள்ளு. தள்ளேன்!"

கூட்டம் சூழ்ந்துவிட்டது. சிலர் போனை எடுத்தார்கள். பள்ளிப் பாதுகாவலர் ஓடி வந்தார். அதற்குள் யோகி மகளைத் தூக்கிக்கொண்டாள். முரளி கையை ஓங்கினார். ஓங்கியதை வாசலில் இருந்த எல்லாரும் பார்த்தோம். அடிக்கவில்லை. சுற்றி இருந்த முகங்களைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கி, மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சிறுமிக்கு எதுவும் புரியவில்லை. அம்மாவின் தோளில் இருந்தபடி ஆன்டியின் தலையைக் காட்டிக் கலகலவென்று சிரித்தாள். அவளைத் தவிர யாராலும் சிரிக்க முடியவில்லை.

சாந்தியும் யோகியும் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்க உள்ளே போனபோது, நானும் ஆன்டியும் காரில் காத்திருந்தோம். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஆன்டி, நீங்கதானே போகச் சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்புறம் நீங்களே போய் மறிச்சீங்க?"

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "அழுகை நின்னுச்சே, பார்த்தியா? அந்த மாதிரி நிக்கிறதை நான் பார்த்திருக்கேன்மா. என் வூட்டுல."

நான் டிஷ்யூவை நீட்டினேன். ஆன்டி நெற்றிச் சாயத்தைத் துடைத்துக்கொண்டே மறுபடி பேசினார்.

"ஆனா ஒண்ணு. நாடகத்துல அந்தப் பையன் மன்னிப்புக் கேக்கிறதை நிப்பாட்டிடாத."

"இவ்வளவு நடந்தப்புறமுமா ஆன்டி?"

"எங்க வூட்டுக்காரரு செத்துப் போயிட்டாரு. கடைசி வரைக்கும் ஒரு நாள்கூட என்கிட்ட மன்னிப்புக் கேட்டதில்ல. டிவியிலயாவது ஒருத்தன் கேக்கிறானேன்னு பார்க்கிறேன். அதையும் எடுத்துடாத."

நான் அந்தத் தொழிலில் நரைத்தவள். கதை கெட்டுப்போன பிறகும் புகழ்கிறவர்களுக்கு ரசனை இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நீங்களும் நினைப்பீர்கள். 'இந்த ஆன்டிமாருக்கு எதைக் கொடுத்தாலும் பார்ப்பார்கள்' என்று கேன்டீனில் சொல்வீர்கள். சொல்லாதீர்கள். ஒருவர் ஒரு காட்சியைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும்போது, அவருக்கு என்ன கிடைக்காமல் போனது என்று உங்களுக்குத் தெரியாது. பிடிக்கவில்லை என்று சொல்கிறவர் எதிலிருந்து தப்பி வந்தார் என்பதும் தெரியாது.

மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். மேலாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கணினியைத் திறந்து, 'என் பொண்டாட்டிகிட்ட காட்டினேன்' என்ற அந்தப் பச்சைக் கருத்தைத் தேடிப் பிடித்து, திரும்பத் திரும்பப் படித்தார். "இது அந்த முரளியா?" என்று கேட்டார். இல்லை, வேறு பெயர், வேறு ஊர். "அப்ப இது இன்னொருத்தரா?" என்றார். அந்தக் கேள்வியோடு அவர் முகம் மாறிப்போனது. அவருக்கு அதற்குப் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேலே பேசி, காட்சியை மாற்றி எழுத இரண்டு நாள் அவகாசம் வாங்கித் தந்தார். அதுவே பெரிய விஷயம்.

பாலனாக நடித்தவரிடமும் சொல்லியாக வேண்டும். அவர் நிஜத்தில் ஈயைக்கூட விரட்ட யோசிக்கிற மனிதர். மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். "கடிகாரத்துக்கு முன்னாடி நிறுத்தினானாக்கா? அது நான் ரிகர்சல்ல சேர்த்ததுக்கா. நல்லாருக்கும்னு சேர்த்தேன்" என்றார்.

காட்சியை இப்படி எடுத்தோம். பாலன் வந்து தேவகி தங்கியிருக்கும் வீட்டின் இரும்புக் கிரில் கதவுக்கு வெளியே நிற்கிறான். மன்னிப்புக் கேட்கிறான். முழுதாகக் கேட்கிறான், ஒரு வரியையும் நான் வெட்டவில்லை. தேவகி கடைசிவரை கேட்கிறாள். "கேட்டதுக்கு நன்றி" என்கிறாள். கிரில்லைத் திறக்கவில்லை. அவன் போன பிறகு உள்ளே போய் மகளுக்குத் தலை பின்னுகிறாள். அவ்வளவுதான்.

நாடகம் அதனால் எழுந்து நின்றுவிட்டது என்று சொன்னால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அப்படி நடக்கவில்லை. முதல் வாரம் வந்த கூட்டம் திரும்ப வரவே இல்லை. ஒருமுறை போனவர்கள் வேறு எதையாவது பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கருத்துகளும் கடைசிவரை இரண்டாகவே இருந்தன. குடும்பத்தைப் பிரித்துவிட்டீர்கள் என்று ஒரு பக்கம் திட்டு. இதை அப்போதே செய்திருக்கலாமே என்று இன்னொரு பக்கம் திட்டு. மஞ்சள் சுடிதாரைப் பற்றியும் இரண்டு பேர் எழுதினார்கள். ராஜம்மா ஆன்டி சாந்தியின் போனிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "நல்லா கேட்டான்மா மன்னிப்பு. கதவைத் திறந்திருக்கலாம். திறக்காட்டியும் பரவால்ல." அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

முரளிமேல் வழக்கு நடந்தது. யோகிக்குப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. மகளை வேறு பள்ளிக்கு மாற்றினாள். அவர் இரண்டு முறை சலூன் பக்கம் வந்ததாகவும், சாந்தி உடனே போலீஸுக்குப் போன் செய்ததாகவும் கேள்விப்பட்டேன். பிறகு வரவில்லை. அவர் நிஜமாகவே மாறினாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது என் வேலையும் இல்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் கிள்ளான் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தபோது யாரோ "அக்கா!" என்று கூப்பிட்டார்கள். யோகி. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். ஷா ஆலமில் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து சொந்தமாகச் சலூன் வைத்திருப்பதாகச் சொன்னாள். பக்கத்தில் அவள் மகள், அம்மாவின் தோள் உயரத்துக்கு வளர்ந்து, போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கேட்க வேண்டும் என்று இருந்தது. அந்தக் கிரில் காட்சியை அவளை மனதில் வைத்துத்தான் எடுத்தேன். அவள் என்ன நினைத்தாள் என்று இத்தனை நாளும் தெரியாது.

"யோகி, நாடகத்தோட முடிவு உனக்குப் பிடிச்சிருந்துச்சா?"

அவள் நெளிந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. அந்த ஸ்கூல் பிரச்சினை நடந்துச்சுல்ல, அதுக்கப்புறம் நான் பார்க்கவே இல்ல. ரூம் தேட, வேலை பார்க்க, பிள்ளைய பார்க்கன்னு ஆயிடுச்சு. ஒரு நாள் போட்டுப் பார்த்தேன்." கையை வாயில் வைத்துக்கொண்டாள். "ரொம்ப போரா இருந்துச்சுக்கா. நிப்பாட்டிட்டேன்."